புதுப்பட்டையில் மீண்டும் உளி

சிகாமட்டிலிருந்து லாபிஸ் போகும் வழியில் எங்கு பார்த்தாலும் செம்பனைதான். நடுநடுவே சிறுதோட்டக்காரர்கள் விட்டுவைத்த பால்மரங்கள் இன்னும் சில நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகே போய்க் குனிந்து அடிமரத்தைப் பார்த்தால், தரையை ஒட்டி யானைக்கால்போல ஒரு புடைப்பு தெரியும். அதற்குக் கீழே இருப்பது ஒரு மரம், மேலே இருப்பது வேறு மரம். விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நன்றாகப் பால் தரும் இனத்திலிருந்து எடுத்த மொட்டை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மொட்டு பிடித்துக்கொண்டு மரமானது. பல ஆண்டுகள் பாலும் தந்தது. ஆனாலும் ஒட்டுப்போட்ட இடம் மரத்தின் ஆயுள் முழுவதும் மறையவில்லை.

இன்னும் சற்று மேலே பட்டையைத் தடவிப் பாருங்கள். சீவத் தெரிந்த கை பட்டிருந்தால், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வழவழவென்று வளர்ந்து மூடியிருக்கும். உளி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி உள்மரத்தைத் தொட்டிருந்தால், அங்கே முண்டும் முடிச்சுமாக இருக்கும். அந்தப் புதுப்பட்டையில் மறுபடியும் உளி வைக்க வேண்டுமென்றால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகும், முண்டு விழுந்த இடத்தில் வெட்டு நேராகப் போகாது.

மனிதக் கண்ணிலும் ஒட்டு உண்டு, உளி உண்டு. ஒட்டு என்பது கருவிழி மாற்றுச் சிகிச்சை. உளி என்பது கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்காகக் கருவிழியைச் செதுக்கும் லேசர் சிகிச்சை. இரண்டும் தனித்தனியே பெரிய வெற்றிகள். இரண்டின் வரலாற்றிலும் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் ஒட்டுப்போட்ட கண்ணிலேயே லேசர் உளியையும் வைக்கும்போது என்ன நடக்கும் என்பது தனிக் கதை. கருவிழி என்ற உறுப்பு எப்படிப்பட்டது என்பதை வேறு எதையும்விட அந்தக் கதை தெளிவாகக் காட்டுகிறது.

கறுப்பே இல்லாத கருவிழி

கருவிழி என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் கறுப்பு என்று எதுவுமே இல்லை. கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கவிந்திருக்கும் நிறமற்ற படலம் அது. நாம் பார்க்கும் கறுப்பு அதற்குப் பின்னால் உள்ள பாவையின் கறுப்பு. இருப்பதே தெரியாத அளவுக்கு ஒளி அதனூடே தடையின்றிப் போவதால், பின்னால் இருப்பதன் நிறத்தையே அதற்குப் பெயராகக் கொடுத்துவிட்டோம். பெயரே அதன் தெளிவுக்குச் சாட்சி.

நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கணக்காகச் சொன்னால் 540 மைக்ரான். அதற்குள் கொலாஜன் இழைகள் பாய் அடுக்கியதுபோல 200க்கும் மேற்பட்ட அடுக்குகளாகக் கிடக்கின்றன. இழைகளுக்கு இடையே உள்ள தூரம் மிகச் சிறியது, ஒழுங்கானது. அதனால்தான் ஒளி சிதறாமல் நேரே போகிறது. வெள்ளை விழியும் இதே கொலாஜனால் ஆனதுதான். அங்கே அடுக்கு ஒழுங்காக இல்லை, அதனால் பால்போல வெளுத்திருக்கிறது.

கருவிழிக்குள் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. அதன் உட்புறச் சுவரில் தேன்கூடு போன்ற ஒற்றை வரிசை உயிரணுக்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் கசியும் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுவது இவற்றின் வேலை. நீர் தங்கினால் கருவிழி ஊறி மங்கிவிடும். வளர்ந்த மனிதருக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 அணுக்கள். இறந்துபோன அணுவுக்குப் பதில் புதிது பிறப்பதில்லை. பக்கத்து அணுக்கள் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறக்கும்போது கையில் கொடுத்த சேமிப்பு அது. செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

இன்னொரு வேலையும் கருவிழிக்கு உண்டு. கண்ணின் மொத்த ஒளிக்குவிப்புத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் ஏறக்குறைய 43 கருவிழியின் வளைவிலிருந்தே வருகிறது. அந்த வளைவின் ஆரம் 7.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு மாறினாலே கண்ணின் பவர் ஒரு டயாப்டர் மாறிவிடும். ஆக, கருவிழியிடம் நாம் கேட்பவை இரண்டு. தெளிவாக இருக்க வேண்டும், சரியான வடிவில் இருக்க வேண்டும். ஒட்டு முதலாவதைத் தருகிறது. இரண்டாவதை அதனால் உறுதிசெய்ய முடிவதில்லை.

எழும்பூரும் பதினாறு தையலும்

1905 டிசம்பர் 7. இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்துபோன தொழிலாளி ஒருவருக்குக் கருவிழி ஒட்டினார். விபத்தில் பார்வை இழந்து, கண்ணையே எடுக்க வேண்டியிருந்த 11 வயதுச் சிறுவனின் கருவிழி அது. மனிதருக்கு மனிதர் செய்த கருவிழி மாற்றில் முதன்முதலாக நிலைத்தது அதுதான். பிறகு 1930களில் ஒடெஸாவில் விளாதிமிர் ஃபிலாத்தோவ், இறந்தவர்களின் கருவிழியையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதன் பின்னர்தான் கண் தானம் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்தது.

1819இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். நாட்டின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றை 1948இல் செய்தவரும் அவரே. இலங்கையில் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கம் அமைத்தார். 1964இல் அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. மலேசியாவில் மனிதத் திசுச் சட்டம் 1974இல் வந்தது. இருந்தாலும் நம் நாட்டில் ஒட்டப்படும் கருவிழிகளில் பல இன்றைக்கும் அமெரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குளிர்பெட்டியில்தான் வருகின்றன.

சிகாமட் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி, நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையையும் குலையையும் அறுக்கிறார். மேலிருந்து தூசி கொட்டுகிறது, சிராய் தெறிக்கிறது. ஒரு நாள் ஒரு துணுக்கு கண்ணில் விழுந்து கீறிவிடுகிறது. கையில் கிடைத்த துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். செடிகொடியோடு வந்த பூஞ்சை அந்தக் கீறலில் குடியேறுகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் கருவிழிப் புண்ணுக்கு இது பெரிய காரணம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வுதான், இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் சொட்டு மருந்தே அதோடு ஒப்பிட்ட மருந்தைவிட மேல் என்று உலகத்துக்குக் காட்டியது. மருந்து பூஞ்சையைக் கொன்றுவிடும். ஆனால் புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நிற்கும். அது பாவைக்கு நேராக விழுந்துவிட்டால், ஒட்டுதான் வழி.

அறுவை அரங்கில் மருத்துவர் வட்டமான கத்தியால் தழும்புக் கருவிழியின் நடுவை ஒரு வட்ட வில்லையாக வெட்டி எடுக்கிறார். விட்டம் 7.5 முதல் 8.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைவிடக் கால் மில்லிமீட்டர் அகலமாக வெட்டிய தானக் கருவிழியை அந்த இடத்தில் வைத்துச் சுற்றிலும் தைக்கிறார். நைலான் இழையின் தடிமன் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலும் 16 தையல். நுண்ணோக்கியில் பார்த்தால் சூரியகாந்திப் பூவின் இதழ்போலச் சுற்றிலும் கதிர்கதிராக நிற்கும்.

தெளிவு வேறு, கூர்மை வேறு

மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவரைப் பார்த்திருந்தால் அடுத்து வருவது எளிதாகப் புரியும். விளிம்பிலுள்ள கண்களில் வாரைக் கோத்து இழுக்கிறார்கள். ஒரு பக்கம் சற்று இறுகி மறுபக்கம் தளர்ந்தால் சுருதி சேராது. கல்லால் சுற்றிச் சுற்றித் தட்டி எல்லாப் பக்கமும் ஒரே இழுவைக்குக் கொண்டுவர வேண்டும். கருவிழியில் போட்ட 16 தையலும் அப்படித்தான். எங்கே தையல் இறுகுகிறதோ அந்தத் திசையில் வளைவு மாறும். வட்டப் பந்துபோல இருக்க வேண்டிய பரப்பு முட்டைபோல ஆகிவிடும்.

இதைத்தான் கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்கிறார்கள். ஒரு திசையில் வரும் ஒளி ஓரிடத்திலும் குறுக்குத் திசையில் வரும் ஒளி வேறோரிடத்திலும் குவிகிறது. மழை இரவில் தெருவிளக்கு ஒரு புள்ளியாகத் தெரியாமல் கோடாக இழுபடும். சராசரிக் கண்ணில் ஒரு டயாப்டர் சிலிண்டர் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒட்டுப்போட்ட கண்ணில் நான்கு, ஐந்து டயாப்டர் என்பது சாதாரணம். அதற்கு மேலும் போகலாம்.

தையலை ஓராண்டு கழித்து, இரண்டாண்டு கழித்து, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒவ்வொரு தையல் போகும்போதும் வளைவு மாறும். கடைசித் தையலும் போன பிறகு, ஆறிய தழும்பு தனக்கென்று ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அது மருத்துவர் நினைத்த வடிவமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கருவிழியின் மேல் வட்ட வட்டமான ஒளி வளையங்களைப் பிரதிபலிக்கச் செய்து படம் எடுக்கும் கருவி ஒன்று உண்டு. நல்ல கண்ணில், அசையாத குளத்தில் கல் விழுந்ததுபோல வளையங்கள் வட்டமாக விரிந்திருக்கும். ஒட்டுப்போட்ட கண்ணில் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும், ஓர் ஓரத்தில் நெளிந்தும் இருக்கும். நம் குலைவெட்டுக்காரரின் ஒட்டு பளிங்குபோலத் தெளிவாக இருக்கிறது. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது என்று மகிழ்கிறார். ஆனால் குலைவெட்டுக்காரருக்கோ பேருந்தின் எண் தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அங்கேதான், "டாக்டர், ஒரு லேசர் போட்டு இதைச் சரிபண்ணிட முடியாதா?" என்ற கேள்வி பிறக்கிறது.

வான்கோழி எலும்பிலிருந்து வந்த ஒளி

நியாயமான கேள்வி. அந்த லேசரின் பிறப்பிலும் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவந்தார். ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரும் உடன் வேலை செய்தவர்கள். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், பிளாஸ்டிக்கைக் கருக்காமல் நுட்பமாகச் செதுக்குவதை அவர்கள் கண்டிருந்தார்கள். உயிர்த்திசுவில் இது என்ன செய்யும்? 1981 நவம்பர் 27, அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பை ஸ்ரீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவந்து லேசரின் கீழே வைத்தார். குருத்தெலும்பில் விழுந்த வெட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. சுற்றிலும் கருகல் இல்லை, வெந்த தடம் இல்லை.

இந்த ஒளி சுட்டு அறுப்பதில்லை. ஒவ்வொரு ஒளித்துகளும் மூலக்கூறுகளைக் கட்டியிருக்கும் பிணைப்பை அறுக்கப் போதுமான ஆற்றலோடு வருகிறது. பிணைப்பு அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் சுமந்துகொண்டு பறந்துவிடுகின்றன, அடியில் உள்ள திசு சூடாவதற்கு நேரமே இல்லை. ஒரு துடிப்பில் கழிவது ஏறக்குறைய கால் மைக்ரான். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலோடு சேர்ந்து ஸ்ரீனிவாசன் வெளியிட்ட கட்டுரை, இதே ஒளியைக் கருவிழிக்குக் கொண்டுவந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஸ்ரீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

கணக்கும் அழகானது. கருவிழியின் நடுவில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால், ஒரு டயாப்டர் குறைக்க நடுவே சுமார் 12 மைக்ரான் கழித்தால் போதும். மேல்தோலை அகற்றிவிட்டு நேரே செதுக்குவது பிஆர்கே. 100 மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட தடிமனில் ஒரு மூடியை அறுத்துத் திறந்து, அடியில் செதுக்கி, மூடியை மறுபடி மூடுவது லேசிக். நலமான கண்ணில், தகுந்த ஆளுக்கு, இரண்டும் நம்பகமாக வேலை செய்கின்றன. உளி படாத பட்டையில் போடும் முதல் வெட்டு அது.

ஒட்டின் மேல் உளி

ஒட்டுப்போட்ட கருவிழி வேறு. அது வெளியிலிருந்து பார்க்க நலமான கருவிழிபோலவே இருக்கும். ஆனால் நான்கு வகையில் அது வேறுபட்டது. ஒவ்வொரு வேறுபாட்டிலிருந்தும் ஒரு சிக்கல் கிளம்புகிறது.

முதலாவது, இணைப்பின் வலிமை. தோலில் பட்ட காயம் சில வாரங்களில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ரத்தக்குழாயே இல்லாத கருவிழியில் காயம் மெதுவாகத்தான் ஆறும். எத்தனை ஆண்டு போனாலும் ஒட்டின் விளிம்பு பழைய வலிமைக்குத் திரும்புவதில்லை. ஒட்டுப்போட்டுப் பல பத்தாண்டு கழித்துக் கீழே விழுந்ததிலோ கண்ணில் அடிபட்டதிலோ அதே விளிம்பில் பிளந்தவர்கள் உண்டு. லேசிக்கில் மூடியைக் கத்தியால் அறுக்கும் முறையில், கண்ணை ஒரு வளையத்தால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் கண்ணின் உள்ளழுத்தம் அந்தச் சில நொடிகளில் 65க்கு மேல் ஏறும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது பழைய தையல் விளிம்பு. போதாததற்கு, லேசிக் மூடியின் விட்டம் பெரும்பாலும் 9 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது ஒட்டைவிட அகலம். அப்படியானால் வெட்டு பழைய தழும்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒழுங்கற்ற வளைவில் கத்தி ஓடும்போது மூடி நடுவே துளை விழலாம், ஓரத்தில் மெலியலாம். மூடிக்கு அடியில் மேல்தோல் அணுக்கள் புகுந்து வளர்ந்து, திரைபோலப் படரவும் செய்யலாம். மூடியையும் லேசராலேயே அறுக்கும் புதிய முறையில் சில ஆபத்துகள் குறைகின்றன. ஆனால் தழும்பு தழும்பாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, வடிவத்தின் நிலையாமை. ஒட்டுக்குள் இழுவைகள் கட்டுண்டு கிடக்கின்றன. லேசிக் மூடியை அறுத்த மாத்திரத்தில், லேசர் ஒரு துடிப்புகூடப் படும் முன்பே, அந்த இழுவைகளில் சில அவிழ்கின்றன. சிலிண்டர் தானாகவே மாறிவிடுகிறது. அப்படியானால் காலையில் அளந்த அளவை வைத்து எதைச் செதுக்குவது? அதனால்தான் சில மருத்துவர்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதலில் மூடியை மட்டும் அறுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். புதிய வடிவம் நிலைத்த பிறகு மூடியைத் திறந்து செதுக்குவார்கள். கூம்புக் கருவிழி நோய்க்காக ஒட்டுப்போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒட்டு நலமாகவே இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள அவர்களுடைய சொந்தக் கருவிழி விளிம்பு ஆண்டுகள் போகப்போக மெலிந்து சரியலாம். இன்று சரிசெய்த சிலிண்டர் சில ஆண்டுகளில் மறுபடி ஏறும்.

மூன்றாவது, நரம்பின் இழப்பு. உடலிலேயே நரம்பு மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழி ஒன்று. ஒட்டுக்காக வட்டமாக வெட்டும்போது அத்தனை நரம்பும் அறுபடுகிறது. திரும்ப வளர ஆண்டுகள் ஆகும், முழுமையாக வளர்வதும் இல்லை. உணர்ச்சி குறைந்த கண்ணில் கண்ணீர் குறையும், இமைப்பு குறையும், மேல்தோல் ஆறுவது தாமதமாகும். பிஆர்கேயில் மேல்தோலை அகற்றியாக வேண்டும். நலமான கண்ணில் சில நாளில் மூடிவிடும் அந்தப் புண், ஒட்டில் இழுத்துக்கொண்டே போகலாம். புண் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாசல் திறந்திருக்கிறது. ஆறிய பிறகும் ஒட்டின் மேல் மங்கலான புகைபோன்ற தழும்பு படிவது, நலமான கண்ணைவிட அதிகம். அதைத் தடுக்க, மைட்டோமைசின் என்ற மருந்தை மிக நீர்த்த அளவில் சிறிது நேரம் தொட்டு வைக்கிறார்கள். மண்ணிலுள்ள பாக்டீரியாவிலிருந்து கிடைத்து, புற்றுநோய்க்குப் பயன்பட்ட மருந்து அது. அது உதவுகிறது, ஆனால் செதுக்கியது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கே திரும்பிவிடும் வாய்ப்பு முழுவதும் போய்விடுவதில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது. அந்தக் கருவிழி இன்னொருவருடையது. ரத்தக்குழாய் இல்லாததால் உடலின் காவல் படை அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. சிறுநீரக மாற்றுக்கு ஆயுள் முழுக்க மருந்து விழுங்க வேண்டியிருக்கும்போது, கருவிழி மாற்றுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதுமானதாக இருப்பது இதனால்தான். ஆனால் அந்தக் காவல் படை உறங்குகிறது, அவ்வளவுதான். புதிய வெட்டோ, புண்ணோ, அழற்சியோ அதை எழுப்பிவிடலாம். எழுந்தால் அது முதலில் குறிவைப்பது உட்சுவரில் நீர் இறைக்கும் அந்தத் தேன்கூட்டு அணுக்களை. அவையோ ஏற்கெனவே குறைந்திருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த பெரிய கருவிழித் தான ஆய்வில், வெற்றிகரமாக இருந்த ஒட்டுகளிலேயே ஐந்து ஆண்டில் இந்த அணுக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்திருந்தது தெரியவந்தது. கையிருப்பு இவ்வளவு மெலிந்த வீட்டில் இன்னொரு செலவு செய்யும்போது, எத்தனை முறை யோசித்தாலும் தகும்.

லேசர் வேண்டாம் என்று கத்தியையே எடுத்தாலும் இதே கணக்குதான். ஒட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே, வளைவு செங்குத்தாக உள்ள திசையில், பிறைபோல இரண்டு கீறல் போட்டால் அந்தத் திசை தளர்ந்து தட்டையாகும். அதிகச் சிலிண்டரைக் குறைக்க நீண்ட காலமாகக் கைகண்ட முறை இது. ஆனால் ஒரே அளவுக் கீறல் ஒரு கண்ணில் பாதிதான் திருத்தும், இன்னொரு கண்ணில் எல்லை தாண்டி எதிர்த்திசைக்கே இழுத்துவிடும். சற்று ஆழமாகப் போனால் கருவிழி துளைபடும். பழைய இணைப்பு வாய் திறந்துகொள்வதும் உண்டு.

இன்னொரு வழி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலேயே சிலிண்டரைத் திருத்துவது. ஒட்டுக்காகப் போட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் கண்புரை வந்தவர்களுக்கு இது இயல்பான யோசனையாகத் தோன்றும். ஒட்டின் வளைவு ஒழுங்காக இருந்தால் நல்ல பலனும் தரும். ஆனால் நாளை அந்த ஒட்டு தளர்ந்து வேறு ஒட்டுப்போட நேர்ந்தால், பழைய ஒட்டின் கோணலுக்கு ஏற்பச் செய்த லென்ஸ் உள்ளேயே இருக்கும். நேரான புதிய கருவிழிக்கு அதுவே கோணலாகிவிடும்.

உளிக்கு முன்னால் கண்ணீர்

அப்படியானால் நம் குலைவெட்டுக்காரர் என்ன செய்வார்? அவருக்குச் சிறந்த பதிலாகப் பல வேளைகளில் அமைவது, வெட்டே இல்லாத ஒன்று.

கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைக் கோணலான கருவிழியின் மேல் வைக்கிறார்கள். வளையாத அந்த லென்ஸுக்கும் நெளிந்த பரப்புக்கும் இடையே உள்ள பள்ளங்களில் கண்ணீர் போய் நிறைகிறது. கண்ணீர் ஒளியை வளைக்கும் அளவும் கருவிழி வளைக்கும் அளவும் மிகவும் நெருங்கியவை. முன்னது 1.336, பின்னது 1.376. ஆகவே ஒளியின் கணக்கில் கண்ணீரும் கருவிழியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. மேட்டையும் பள்ளத்தையும் அது பார்ப்பதில்லை. பளபளப்பான லென்ஸின் முன்பரப்பே புதிய கருவிழியாகிறது. மேடுபள்ளமான தரையில் தண்ணீர் நின்றதும் மட்டம் சமமாவதுபோல, நெளிந்த வளையங்கள் வட்டமாகிவிடுகின்றன. பல ஆண்டுகளாக லேசர் முயன்றும் முழுதாக அடக்க முடியாத ஒழுங்கின்மையைச் சொட்டுக் கண்ணீர் சத்தமில்லாமல் நிரப்புகிறது. கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியின் மேல் அமரும் பெரிய லென்ஸ்களும் இன்று உண்டு.

இதற்கும் விலை உண்டு. லென்ஸைக் கழுவாமல் போட்டால், குழாய் நீரில் அலசினால், அதைப் போட்டபடி உறங்கினால், ஒட்டில் தொற்று வரலாம். தூசி பறக்கும் தோட்டத்து வேலைக்கு அதை அணிவது சுலபமில்லை. சிலரால் அணியவே முடியாது. அவர்களுக்காகத்தான் கீறலும் பிஆர்கேயும் லேசிக்கும் வைத்திருக்கிறார்கள். அப்போதும் ஒழுங்கு ஒன்றுதான். எல்லாத் தையலும் போய், அதன் பிறகு மாதக்கணக்கில் அளவு மாறாமல் நின்று, உட்சுவர் அணுக்களை எண்ணிப் பார்த்து, நிராகரிப்புக்கு எதிரான சொட்டு மருந்தை முன்னும் பின்னும் கூட்டி, அதன் பிறகே உளி. இலக்கும் வேறு. கண்ணாடியே வேண்டாம் என்பதல்ல, ஏழாக இருக்கும் சிலிண்டரை இரண்டு மூன்றாக்கி, கண்ணாடி போட்டால் தெரிகிற கண்ணாக்குவது. விளம்பரங்களில் பார்க்கும் லேசிக்கையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பதே நோயாளியை ஏமாற்றத்துக்குள் தள்ளுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். படுக்கையில் ஏறும் முன் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒட்டுப்போட்டவர்களின் பிரச்சினையைக் கண்டு மருத்துவமும் வேறு பாதை பிடித்திருக்கிறது. நோய் உட்சுவரில் மட்டும் இருந்தால், முழுக் கருவிழியையும் மாற்றாமல் அந்த மெல்லிய படலத்தை மட்டும் மாற்றும் முறையை நெதர்லாந்தின் ஹெரிட் மெல்லஸ் வளர்த்தெடுத்தார். சுற்றுத் தையலே இல்லை. காற்றுக்குமிழி ஒன்றே படலத்தை ஒட்டவைக்கிறது. தையல் இல்லாததால் கோணலும் அவ்வளவாக இல்லை. ஆனால் பூஞ்சை விட்டுச்சென்ற ஆழமான தழும்புக்கு இன்றும் வட்டக்கத்தியும் 16 தையலும்தான்.

சிகாமட்டில் இருப்பவருக்குத் தூரமும் ஒரு நோய்தான். கருவிழி வல்லுநர்கள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஜொகூர் பாருவோ கோலாலம்பூரோ, போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால் அடுத்த தவணை வரை பொறுத்துப் பார்ப்போம் என்று தோன்றும். ஒட்டுப்போட்ட கண்ணுக்கு அந்தப் பொறுமை ஆகாது. கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், வலித்தால், இந்த நான்கில் எது வந்தாலும் அன்றைக்கே சிகாமட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ஒட்டுப்போட்ட கண் என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். நிராகரிப்பை முதல் நாட்களில் பிடித்தால் சொட்டு மருந்தாலேயே பெரும்பாலும் அடக்கிவிடலாம். வேலைக்குத் திரும்பினால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு குலைகூட வெட்டக் கூடாது. அந்த விளிம்பு இன்னொரு அடியைத் தாங்காது.

பால்மரத்தில் ஒட்டுக்கட்ட மொட்டு வேண்டுமென்றால் தோட்டத்திலேயே கிடைக்கும். கருவிழியை அப்படி வேண்டும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்ள இன்னும் முடியாது. ஒருவர் இறந்த சில மணி நேரத்துக்குள், துக்கம் நிறைந்த ஒரு வீட்டில், யாரோ சரி என்று சொல்ல வேண்டும். உறுப்பு தானத்துக்கு மைசெஜாத்ரா செயலியில் சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். பதிந்ததைக் குடும்பத்தாரிடம் சொல்லிவைப்பதுதான் முக்கியம். கடைசியில் அவர்களைத்தான் கேட்பார்கள். அப்படி ஒரு வீட்டில் சொன்ன ஒரு சொல் கடல் கடந்து வந்து, 16 தையலில் ஒரு குலைவெட்டுக்காரரின் கண்ணில் அமர்ந்திருக்கிறது. பேருந்தின் எண்ணைப் படிக்க வேண்டும் என்ற அவருடைய ஆசையில் தவறே இல்லை. அதற்காக எந்த உளியைக் கையிலெடுத்தாலும், பால்மரத்துப் பட்டையை முதலில் விரலால் தடவிப் பார்க்கிற அந்தப் பழைய தோட்டக்காரரின் நிதானம் நம் எல்லாருக்கும் வேண்டும்.